புதுமண்டபத்துத் தையற்கடை பாய் எங்கே போனார்? மாசி வீதிக் கடைகளைப் பற்றித் தெரிந்தவர்கள் எழுதுங்கள்

கீழவாசல் | சனி, இரவு 9:40

வணக்கம். பிறந்து வளர்ந்தது மதுரை கீழவாசல் பக்கம். பிழைப்புக்கு ஓசூர் போய் 18 வருஷம் ஆகிறது. இந்தச் சித்திரைத் திருவிழாவில் கள்ளழகர் ஆற்றில் இறங்கும்போது என் மகனுக்கு அழகர் வேஷம் கட்டுவதாக நேர்த்திக்கடன். அம்மா போனில் சொன்னது ஒரே வரிதான்: "உங்கப்பாவுக்குத் தைச்சவர்கிட்டயே பிள்ளைக்கும் தைச்சுரு."

எனக்கு 9 வயதில் அந்த பாயிடம்தான் தைத்தோம். மீனாட்சி அம்மன் கோவிலுக்கு எதிரே இருக்கும் புதுமண்டபத்துக்குள் நுழைந்ததும் இடது கைப் பக்கம், நாலாவது தூணோ ஐந்தாவது தூணோ. தூணின் கல் பீடம்தான் அவருக்கு மேஜை. சிவப்பு வெல்வெட்டை அதன்மேல் விரித்து வெட்டுவார். அளவு எடுத்தால் நோட்டில் எழுத மாட்டார். வெட்டப்போகும் துணியின் ஓரத்திலேயே பென்சிலால் எழுதிக்கொள்வார். காதில் பென்சில், கழுத்தில் டேப். மேலே குதிரையிலும் யாளியிலும் கல் வீரர்கள், கீழே ஏழெட்டு மிஷின்கள் ஒரே நேரத்தில் ஓடும் சத்தம். மிஷின் எண்ணெய் வாசனையும் எதிரே கோவிலிலிருந்து வரும் கற்பூர வாசனையும் சேர்ந்து வரும். அந்த வாசனையை வேறு எங்கேயும் நான் முகர்ந்ததில்லை.

போன வாரம் ஊருக்கு வந்தபோது போனேன். மண்டபம் காலி. உள்ளே போக வழியில்லை. தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்று எட்டிப் பார்த்தேன். தூண்கள் முழுசாகத் தெரிகின்றன. சின்ன வயதில் நான் ஒரு தூணைக்கூட முழுசாகப் பார்த்ததில்லை, எல்லாவற்றிலும் துணி தொங்கும். அழகாகத்தான் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அந்த பாய் எங்கே?

அப்படியே எழுகடல் தெரு வழியாகக் கீழமாசி வீதி, விளக்குத்தூண், தெற்குமாசி வீதி, டவுன்ஹால் ரோடு என்று கால் போன போக்கில் சுற்றினேன். தெரிந்த போர்டுகளில் பாதிக்கு மேல் இல்லை. யாரிடம் கேட்பது என்றே தெரியவில்லை. அதனால்தான் இங்கே எழுதுகிறேன். பாயைப் பற்றித் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். அதோடு, நம் கடைவீதிக்கு என்ன ஆயிற்று என்று உள்ளே இருந்து பார்த்தவர்களும் எழுதுங்கள்.

விளக்குத்தூண்ஜவுளி | சனி, இரவு 10:25

அண்ணே, மண்டபத்துக்குள் இருந்த கடைகளுக்குக் குன்னத்தூர் சத்திரத்தில் இடம் கொடுத்து மாற்றிவிட்டார்கள். பழைய சத்திரத்தை இடித்து வணிக வளாகமாகக் கட்டியிருக்கிறார்கள், மண்டபத்துக்குப் பக்கம்தான். தையல்காரர்கள், வளையல் கடை, பாத்திரக் கடை, புத்தகக் கடை எல்லாம் கலந்து இருக்கும். முதலில் அங்கே கேளுங்கள். எல்லாரும் அங்கே போகவில்லை. சிலர் வீட்டிலேயே மிஷினைப் போட்டுவிட்டார்கள், சிலர் தொழிலையே விட்டுவிட்டார்கள்.

கடைவீதிக்கு என்ன ஆயிற்று என்று கேட்டீர்கள். நாங்கள் விளக்குத்தூண் பக்கம் மூன்று தலைமுறையாக ஜவுளி மொத்த வியாபாரம். என் கணக்கில் முதல் அடி 1999. அந்த வருஷம்தான் மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்ட் வந்தது. அதுவரை வெளியூர் பஸ் எல்லாம் ஊருக்குள்ளேயே ஒவ்வொரு திசைக்கு ஒரு ஸ்டாண்டில் நின்றது. பரமக்குடிக்காரரோ சிவகங்கைக்காரரோ காலையில் பஸ்ஸை விட்டு இறங்கினால் நடந்தே கடைக்கு வந்துவிடுவார். சரக்கு எடுப்பார், மத்தியானம் மெஸ்ஸில் சாப்பிடுவார், கோவிலுக்குள் போய் ஒரு கும்பிடு, சாயங்கால பஸ்ஸில் ஊருக்கு. மாட்டுத்தாவணியில் இறங்குகிறவர் இன்னொரு டவுன் பஸ் பிடித்துத்தான் விளக்குத்தூண் வர வேண்டும். மூட்டையோடு திரும்பிப் போவது அதைவிடக் கஷ்டம். பெரிய வியாபாரிகள் வந்தார்கள். 10 சேலை, 20 கைலி எடுத்துப்போய் வீட்டில் வைத்து விற்கும் பெண்கள் கொஞ்சம் கொஞ்சமாக நின்றார்கள். எங்கள் கடையில் தினமும் சில்லறைக் காசு புழங்கியது அவர்களால்தான்.

அப்புறம் 2016 நவம்பரில் நோட்டு செல்லாமல் போனது, 2017 ஜூலையில் ஜிஎஸ்டி, 2020-ல் கொரோனா. இவை எல்லா ஊருக்கும் பொது, நீட்டி எழுத வேண்டியதில்லை.

கல்வெட்டு | ஞாயிறு, காலை 7:10

நான் கடைக்காரன் இல்லை. பழைய கட்டடங்களைப் பார்த்துப் பார்த்துப் பித்தானவன். புதுமண்டபத்தைக் காலி செய்தது சரி என்றுதான் சொல்வேன்.

17-ஆம் நூற்றாண்டில் திருமலை நாயக்கர் கட்டிய வசந்த மண்டபம் அது. வைகாசி வசந்த உற்சவத்துக்குச் சுவாமி வந்து எழுந்தருளும் இடம். வெயில் தணிய மண்டபத்தைச் சுற்றித் தண்ணீர் நிற்க அகழி மாதிரி வெட்டியிருக்கிறார்கள். நாயக்க மன்னர்களின் ஆளுயரச் சிலைகள், மீனாட்சி கல்யாணம், கரும்பு தின்னும் கல் யானை என்று ஒவ்வொரு தூணும் ஒரு கதை. அந்தத் தூண்களில்தான் ஆணி அடித்து, கயிறு கட்டி, பலகை போட்டு, மின்சார ஒயர் இழுத்திருந்தார்கள். 2018 பிப்ரவரி 2 இரவு கோவிலுக்குள் வீரவசந்தராயர் மண்டபத்தில் கடைகள் எரிந்தது எல்லாருக்கும் நினைவிருக்கும். மேற்கூரைக் கல் வெடித்து விழுந்தது. அதைத் திரும்பக் கட்ட நாமக்கல் பக்கமிருந்து கல் தேட வேண்டியிருந்தது. புதுமண்டபம் முழுக்கத் துணி. ஒரு பொறி பட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

பாய் மேல் எனக்கும் மரியாதை உண்டு. ஆனால் எரிந்துபோன சிற்பத்தை யாராலும் திரும்பத் தைக்க முடியாது.

சிட்டை | ஞாயிறு, காலை 11:50

கீழவாசல் தம்பிக்கு, நான் கீழமாசி வீதியில் ஒரு மளிகை மொத்தக்கடையில் 31 வருஷம் கணக்கெழுதியவன். இந்தப் பக்கத்தைப் பேத்திதான் காட்டினாள். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

விடிகாலை 4 மணிக்கு லாரி வந்து நிற்கும். போடியிலிருந்து ஏலக்காய், விருதுநகரிலிருந்து பருப்பு, ஈரோட்டு மஞ்சள், சேலத்து ஜவ்வரிசி, உடன்குடிக் கருப்பட்டி. ஒவ்வொரு சரக்கு இறங்கும்போதும் தெருவின் வாசனை மாறும். வத்தல் மூட்டை இறங்குகிற அன்று தெருவே தும்மும். சுமை தூக்குகிறவர்கள் வலது கையில் கொக்கி வைத்திருப்பார்கள். மூட்டையில் குத்தி ஒரு இழு, முதுகில் ஒரு சாய்ப்பு, அவ்வளவுதான். 100 கிலோ மூட்டை பலகை வழியே ஏறி உள்ளே போய்விடும். தோளில் போட்டிருக்கும் சாக்குத் துணிதான் அவர்களுக்குக் கவசம். எனக்குத் தெரிந்த ஒருவர் 22 வருஷம் தூக்கினார். 50 வயதில் கழுத்தைத் திருப்ப முடியாமல் போய்விட்டது. அதையும் சொல்லாமல் அந்தக் காலம் பொற்காலம் என்று மட்டும் எழுத எனக்கு மனசு வராது.

8 மணிக்கு மேல் வெளியூர்க் கடைக்காரர்கள் வருவார்கள். கையில் சிட்டை இருக்கும், வேண்டிய சரக்கை எழுதிய சீட்டு. சிட்டையின் முதல் வரி எப்போதும் மஞ்சள். கால் கிலோதான் வேண்டும் என்றாலும் மஞ்சளை எழுதிவிட்டுத்தான் மற்றதை எழுதுவார்கள். நான் வாங்கி ஒரு முறை வாய்விட்டுப் படிப்பேன். கடைப்பையன்கள் எடுத்துக் கட்டுவார்கள். சரக்கை லாரி செட்டில் போட்டுவிட்டால் மறுநாள் அவர் கடைவாசலில் இறங்கிவிடும்.

பணம் ஒரு வாரத்தில் தர வேண்டும் என்பது பேச்சு. ராமநாதபுரம் பக்கத்து ஆட்களுக்கு அந்தப் பேச்சு செல்லாது. மழை இல்லை என்றால் அவர்கள் ஊரில் யாரிடமும் காசு இருக்காது, அங்கே கடை வைத்திருப்பவரிடம் எப்படி இருக்கும்? மாசி, பங்குனியில் மிளகாய் எடுத்தால்தான் கடன் அடையும். அதுவரை பேரேட்டில் நிற்கும். முதலாளி என்னிடம் கேட்பார், "ஆள் எப்படிய்யா?" நான் சொல்வதுதான் முடிவு. அந்த ஆளின் ஊரை நான் பார்த்ததில்லை. ஆனால் பெண் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்க வந்தாரா, தகப்பனார் காலத்துப் பாக்கியை மறுக்காமல் கட்டினாரா என்று எனக்குத் தெரியும். 31 வருஷத்தில் நான் நல்ல ஆள் என்று சொல்லி ஏமாந்தது 3 பேரிடம்.

இப்போது அதே கடையில் முதலாளியின் பேரன் உட்கார்ந்திருக்கிறார். சிட்டை வாட்ஸ்அப்பில் வருகிறது. பில் கம்ப்யூட்டரில். பணம் வந்தால்தான் லாரி செட்டுக்குச் சரக்கு போகும். கொரோனா முடிந்து கடை திறந்தபோது என்னை இனி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அதில் வருத்தம் இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். அந்தப் பையன் மேல் கோபமும் இல்லை. ஜிஎஸ்டி வந்தபின் பழைய மாதிரி பேரேட்டில் நிறுத்திவைத்து ஓட்ட முடியாது, பணம் வராவிட்டாலும் விற்ற சரக்குக்கு அடுத்த மாசமே வரி கட்ட வேண்டும். கணக்கு எழுதியவனுக்கு அது தெரியும்.

தம்பி கேட்ட பாயை எனக்குத் தெரிந்திருக்க வாய்ப்பு உண்டு. எங்கள் கடையில் ஆயுத பூஜைக்குத் தொங்கவிடும் துணித் தொம்பை தைத்துக் கொடுத்த ஒருவர் அந்தப் பக்கம்தான் உட்கார்ந்திருந்தார். விசாரித்துச் சொல்கிறேன்.

மல்லி | ஞாயிறு, மாலை 4:15

சிட்டை ஐயா சுமை தூக்கியவரின் கழுத்தைப் பற்றி எழுதினார் பாருங்கள், அதற்காகத்தான் நானும் எழுத வந்தேன்.

என் ஆச்சி சுங்குடிக்குப் புள்ளி கட்டியவர். வெள்ளைத் துணியை நகத்தால் கிள்ளி எடுத்து நூலால் இறுக்கி முடிச்சுப் போட வேண்டும். ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கில் முடிச்சு. சாயத்தில் முக்கிக் காயவைத்து, நூலைப் பிரித்தால் முடிச்சு இருந்த இடமெல்லாம் வெள்ளைப் புள்ளி. ஆச்சியின் இடது கைப் பெருவிரல் நகம் ஒரு பக்கம் தேய்ந்தே இருக்கும். தெற்குமாசி வீதிக் கடையில் அந்தச் சேலை தொங்கும். கட்டிய ஆச்சி அந்தக் கடைக்குள் ஒரு நாளும் போனதில்லை. துணி வாங்கவும் கொடுக்கவும் தரகர் வீட்டுக்கு வருவார். 2005-ல் மதுரை சுங்குடிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அதற்குள் கடைகளில் பெரும்பாலும் அச்சடித்த புள்ளிதான். ஆச்சி தடவிப் பார்த்தே சொல்லிவிடுவார், "இது கட்டினது இல்ல, வழுக்குது" என்று. கட்டிய துணியில் புள்ளிக்குப் புள்ளி சின்ன மேடு கையில் படும்.

நான் படித்து முடித்ததும் ஒரு பெரிய ஜவுளிக்கடையில் விற்பனைப் பெண்ணாகச் சேர்ந்தேன். பெயர் வேண்டாம். காலை 9 முதல் இரவு 9 வரை நிற்க வேண்டும். ஆள் இல்லாத நேரத்திலும் சுவரில் சாயக்கூடாது. மாடியில் சேலைப் பிரிவு. பாத்ரூம் போக வேண்டும் என்றால் சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டுப் போக வேண்டும், எத்தனை நிமிஷம் என்று பார்ப்பார்கள். ஆடி மாதத் தள்ளுபடி நேரத்தில் கால் வீங்கிச் செருப்பு நுழையாது. 2021-ல் கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் சட்டத் திருத்தம் வந்தது. கேரளத்தில் 2018-லேயே வந்துவிட்டது. நான் வேலையை விட்டு 3 வருஷம் கழித்து அது வந்தது. என்னோடு வேலை பார்த்த அக்கா இப்போது ஸ்டூல் இருக்கிறது என்று சொன்னபோது போனிலேயே அழுதுவிட்டேன்.

பழைய கடை நல்லது, புதிய கடை கெட்டது என்று எழுதுகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். பழைய கடைவீதியில் பெண்கள் வாங்க வந்தார்கள், பூவும் காயும் விற்கத் தரையில் உட்கார்ந்தார்கள். கல்லாவில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. இப்போது விளக்குத்தூண் பக்கம் நாலைந்து கடைகளில் பார்க்கிறேன். அவர்களைப் பார்க்கும்போது எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது.

விளக்குத்தூண்ஜவுளி | ஞாயிறு, இரவு 8:30

தங்கச்சி சொன்னதை மறுக்க முடியாது. எங்கள் கடையிலும் ஸ்டூல் போட்டது சட்டம் வந்த பிறகுதான். முன்னாடியே போட்டிருக்க வேண்டும்.

ஏன் கடைகள் மாறுகின்றன என்பதற்கு இன்னும் இரண்டு காரணம் விட்டுப்போயிற்று. ஒன்று உயரம். மீனாட்சி அம்மன் கோவிலைச் சுற்றி 1 கிலோமீட்டருக்குள் 9 மீட்டருக்கு மேல் கட்டக் கூடாது என்று விதி. கோபுரம் தெரிய வேண்டும், நியாயமான விதிதான். ஆனால் ஏழு மாடிக் கடை கட்ட நினைக்கிறவர் மாசி வீதிக்கு வரமாட்டார், மாட்டுத்தாவணிக்கோ பைபாஸ் ரோட்டுக்கோ போய்விடுவார். அங்கே கார் நிறுத்த இடமும் உண்டு. இங்கே கார் நிறுத்த இடம் கேட்டதற்கு, பழைய சென்ட்ரல் மார்க்கெட் இருந்த இடத்தில் பல அடுக்கு நிறுத்தம் கட்டினார்கள். காய்கறி மார்க்கெட் ஏற்கெனவே மாட்டுத்தாவணிக்குப் போய்விட்டது. காய் வாங்க வந்தவர்கள் அப்படியே கைலியும் துண்டும் எடுத்துப் போவார்கள். காரை நிறுத்துகிறவர்கள் கோவிலுக்குப் போய்விட்டு அப்படியே கிளம்பிவிடுகிறார்கள்.

இரண்டாவது வாடகை. 1960-ஆம் வருஷத்து வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இருந்தவரை தாத்தா காலத்து வாடகையிலேயே பல கடைகள் ஓடின. இடத்துக்காரருக்கு அது அநியாயம், கடைக்காரருக்கு அது உயிர். 2019 பிப்ரவரியில் புதுச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. எழுத்தில் ஒப்பந்தம் போட வேண்டும், காலம் முடிந்தால் புதுப்பிக்க வேண்டும், இல்லையென்றால் காலி செய்ய வேண்டும். குஞ்சமும் நாடாவும் விற்கிறவரால் செல்போன் கடைக்காரர் கொடுக்கும் வாடகையைக் கொடுக்க முடியுமா? எங்கள் சந்தில் குஞ்சக் கடை 2 இருந்தது. இப்போது ஒன்றும் இல்லை.

டவுன்ஹால்ரோடு | ஞாயிறு, இரவு 9:05

செல்போன் கடைக்காரர் என்று அண்ணன் சொன்னது என்னைப் போன்றவர்களைத்தான். வயது 26. டவுன்ஹால் ரோட்டிலிருந்து உள்ளே போகும் சந்தில் 8 அடிக்கு 6 அடி கடை. போன் கவர், சார்ஜர், டிஸ்ப்ளே மாற்றுவது.

அதே 8 அடிக்கு 6 அடியில் என் தாத்தா ரேடியோ ரிப்பேர் பார்த்தார். அப்பா டேப் ரிக்கார்டர், டிவி ரிமோட் பார்த்தார். தாத்தாவின் சால்டரிங் கம்பியை வைத்துக்கொண்டு போனில் ஒன்றும் செய்ய முடியாது, சின்ன முனை வேண்டும். ஆனால் ஈயத்தைத் தொட்டவுடன் கையை எடுக்க வேண்டும் என்று அவர் சொல்லிக் கொடுத்ததுதான் இன்றைக்கும் எனக்குச் சோறு போடுகிறது. எங்கள் வீட்டுக்காரர் வாடகையை ஏற்றினார், நான் கட்டுகிறேன். யாரையும் துரத்திவிட்டு நான் வரவில்லை, அந்த இடத்தில்தான் இருக்கிறேன். இதை மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

இரவு 11 மணிக்குக் கடை மூடிவிட்டு மேலமாசி வீதிப் பக்கம் இட்லி சாப்பிடப் போவேன். தள்ளுவண்டியைச் சுற்றிப் பூ மார்க்கெட்டுக்குப் போகிறவர்கள், ரயில் பிடிக்கிறவர்கள், ஆட்டோக்காரர்கள். அந்தக் கூட்டம் குறையவில்லை.

கல்வெட்டு | திங்கள், காலை 6:45

தம்பி, நீங்கள் சொன்னது எனக்கு முக்கியமாகப் பட்டது. இந்த ஊர்த் தெருக்கள் எப்போதுமே மாறிக்கொண்டுதான் இருந்திருக்கின்றன. சின்ன வயதில் எனக்கு இது தெரியாது: வெளி வீதிகள் இருக்கும் இடத்தில் ஒரு காலத்தில் கோட்டைச் சுவரும் அகழியும்தான் இருந்தன. 1840-களில் கலெக்டர் பிளாக்பர்ன் சுவரை இடித்து அகழியைத் தூர்த்தார். இடிக்கும் வேலையை மேற்பார்த்த பெருமாள் மேஸ்திரி பெயரிலும் மாரட் பெயரிலும் இன்றைக்கும் தெரு இருக்கிறது. நாம் ஜிகர்தண்டா குடிக்க நிற்கும் விளக்குத்தூண் அந்த பிளாக்பர்னுக்கு வைத்த நினைவுத் தூண்தான். மாசி வீதியில் ஓடும் தேர்கூட ஒரு காலத்தில் மாசி மாதத்தில் ஓடியது. திருமலை நாயக்கர்தான் அதைச் சித்திரைக்கு மாற்றினார். தெருவின் பெயர் மட்டும் மாசியாகவே நின்றுவிட்டது.

மேலமாசி வீதிக் கதர்க்கடையின் மாடியில்தான் 1921 செப்டம்பர் 22-ல் காந்தி சட்டையை விட்டு நாலு முழ வேட்டிக்கு மாறினார். அதே வீதி மதனகோபால சுவாமி கோவிலைச் சேர்ந்த தூண்களை 1912-ல் ஒரு அமெரிக்கப் பெண்மணி விலைக்கு வாங்கிப் போனார். இன்று அவை ஃபிலடெல்ஃபியா அருங்காட்சியகத்தில் ஒரு முழு மண்டபமாக நிற்கின்றன. பத்திரமாக இருக்கின்றன, சுத்தமாக இருக்கின்றன. படத்தில் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு கலங்கும், ஏனென்றால் அங்கே ஒரு விளக்கு ஏற்ற ஆள் கிடையாது. புதுமண்டபத்தைப் பற்றி நேற்று அவ்வளவு அழுத்தமாக எழுதிவிட்டு இரவெல்லாம் இதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

கீழவாசல் | திங்கள், இரவு 10:10

எல்லாருக்கும் நன்றி. இவ்வளவு பேர் எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை.

கல்வெட்டு சார், மண்டபத்தைக் காலி செய்தது தப்பு என்று நான் சொல்லவில்லை. நீங்கள் எழுதியதைப் படித்தபின் இன்னும் உறுதியாகவே சொல்வேன், கல்லுக்கு அது நல்லது. எனக்கு உறுத்துவது வேறு. கடையை மாற்றும்போது விற்கிற இடத்தை மட்டும் மாற்றிக் கொடுக்கிறோம். அங்கே நடந்த வேலைக்கு இடம் கொடுக்கிறோமா? பாய் சாமான் விற்றவர் இல்லை. தூணடியில் உட்கார்ந்து தைத்தவர். பக்கத்துத் தூணில் குஞ்சம் கட்டுகிறவர், அதற்கு அடுத்து சம்கி, ஜரிகை விற்கிறவர், வெளியே வந்தால் ஆட்டுத்தோல் பை, சாட்டைக்கயிறு. என் அப்பா என்னைக் கூட்டிப்போன அன்று ஒரே மத்தியானத்தில் சல்லடம் (முழங்காலளவு கால்சட்டை), இடுப்புக் கச்சை, உருமால் (தலைத்துணி), தோப்பறை (தண்ணீர் பீய்ச்சும் தோல்பை) எல்லாம் முடிந்தது. ஒருவருக்கு ஒருவர் பையனை விட்டுச் சாமான் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். "அழகருக்குக் கட்டுறது, நல்லதா குடு" என்று பாய் சத்தம் போட்டது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. அந்தத் தூண் வரிசை சிதறிவிட்டால், குஞ்சக் கடை போன மாதிரி ஒவ்வொருவராகத்தான் போவார்கள். வளாகத்தில் கடை எண் போட்டு ஷட்டர் வைத்தால் போதாது. தைக்கிறவரும் கட்டுகிறவரும் நூல் விற்கிறவரும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும்படி கொடுத்திருக்க வேண்டும். இனிமேலாவது இன்னொரு இடத்தைக் காலி செய்யும்போது அதைக் கேட்க வேண்டும்.

மல்லி அக்கா, உங்கள் ஆச்சி கடைக்குள் போனதே இல்லை என்பதைப் படித்தபின் என் அப்பா காலத்தை நினைத்துப் பார்த்தேன். அந்தத் தூண் வரிசையில் ஒரு பெண்கூட மிஷினில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. இத்தனை நாள் அது எனக்குத் தோன்றவே இல்லை.

சிட்டை | செவ்வாய், மதியம் 1:20

தம்பி, நேற்று சாயங்காலம் பேத்தியைக் கூட்டிக்கொண்டு போய் விசாரித்தேன். நீங்கள் சொல்கிற பாய் அவர்தான் என்று நினைக்கிறேன். மண்டபத்தை விட்டு வந்தபின் ஒரு வருஷம் சத்திரத்தில் இருந்தார். கண் சரியில்லை, இப்போது வீட்டோடு இருக்கிறார். அவருடைய தங்கை மகன் சத்திரத்திலேயே தைக்கிறார். மாமாவிடம்தான் தொழில் கற்றவர். உங்கள் அப்பாவை அந்தத் தங்கை மகனுக்கு நினைவில்லை. ஆனால் கீழவாசலிலிருந்து வருகிற ஆட்கள் உருமாலுக்குப் பச்சைக் கரை கேட்பார்கள் என்று அவராகவே சொன்னார். சரிதானா?

பங்குனி பாதி தாண்டிவிட்டது. இந்த வாரமே அளவு கொடுத்தால்தான் ஆகும், கடைசி வாரம் போனால் திரி எடுக்கிறவர்கள் (அழகருக்குத் தீப்பந்தம் ஏந்துகிறவர்கள்) துணியே மலையாகக் குவிந்துவிடும் என்கிறார்.

கீழவாசல் | செவ்வாய், மதியம் 1:32

பச்சைக் கரைதான் ஐயா. அப்பாவுக்கும் எனக்கும் பச்சைக் கரைதான். வெள்ளிக்கிழமை லீவு போட்டுப் பையனோடு வருகிறேன்.

மல்லி | செவ்வாய், மாலை 6:00

பையனுக்கு எத்தனை வயது தம்பி? வெல்வெட் என்றால் உள்ளே பருத்தித் துணி கொடுத்துத் தைக்கச் சொல்லுங்கள். சித்திரை வெயிலில் பிள்ளை உடம்பு வெந்துவிடும்.

கீழவாசல் | சனி, காலை 8:15

வயது 8, அக்கா. உள்துணி கொடுக்கச் சொல்லிவிட்டேன், அவராகவும் அதைத்தான் சொன்னார்.

நேற்று போய் வந்தோம். கடை சின்னது, மிஷின் ஒன்று, இப்போது அது கரண்டில் ஓடுகிறது. வெட்டுவதற்கு மரப்பலகை போட்டிருக்கிறார். பையனை ஸ்டூலில் ஏற்றி நிறுத்தி அளவெடுத்தார். இடுப்பு 22, சல்லடம் முழங்காலுக்குக் கீழே 2 விரல். "வளர்ற பிள்ளை, உள்ள மடிச்சு விட்டுத் தர்றேன், அடுத்த வருஷம் பிரிச்சுக்கலாம்" என்றார். நாடாவா எலாஸ்டிக்கா என்று கேட்டார். பையன் எலாஸ்டிக் என்றான், நான் நாடா என்றேன். "ஆத்துல தண்ணிக்குள்ள ஆடும்போது எலாஸ்டிக் இறங்கிரும்டா" என்று அவனிடமே சொல்லிச் சம்மதிக்க வைத்தார்.

குஞ்சத்துக்கு அவரிடம் ஆள் இல்லை. சங்கிலி மாதிரி இரண்டு பேரைக் கேட்டு, வீட்டில் வைத்துக் கட்டும் ஒரு அம்மாவிடம் சொல்லியிருக்கிறார். அது தனியாக வரும், புதன்கிழமை ஆகும். சம்கி வாங்க விளக்குத்தூண் வரை நான் நடந்தேன். தோப்பறைக்கு இன்னும் ஆள் தேடிக்கொண்டிருக்கிறேன். ஆட்டுத்தோலில் தைத்தது, பிளாஸ்டிக் வேண்டாம். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

அளவை எழுத நோட்டு எடுக்கவில்லை அவர். சிவப்பு வெல்வெட்டின் ஓரத்தைப் புரட்டி, வெளுப்பான உள்பக்கத்தில் பென்சிலால் எழுதினார். பையன் குனிந்து பார்த்துவிட்டு, "அப்பா, என் பேரையும் எழுதுறாங்க" என்றான்.